கணிதக் கல்வியும் பிரத்தியேக வகுப்பும்: கண்டிப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு திறனாய்வு

சொல்லொன்று தான் குறித்த பொருளை இழந்த பின்னரும் வழக்கில் நின்று நிலவுதல் உண்டு. ஈழநாட்டுக் கல்வியுலகில் வழங்கும் 'பிரத்தியேக வகுப்பு' என்னுந் தொடர் அத்தகையது. பிரத்தியேகம் என்பது ஒருவருக்கென்றே உரியது எனப் பொருள்படும். ஆசிரியர் ஒருவர் மாணவர் ஒருவரை, அல்லது விரல்விட்டு எண்ணத்தக்க சிலரை, அருகிருத்திக் கற்பிக்கும் முறைக்கே இத்தொடர் பொருந்தும். இன்றோ நூற்றுக்கணக்கான மாணவர் நெருங்கி அமர்ந்திருக்க, ஒலிபெருக்கியின் துணைகொண்டு ஒருவர் விரிவுரை நிகழ்த்தும் மண்டபமும் இப்பெயராலேயே அழைக்கப்படுகின்றது. பெயர் ஒன்று, அது சுட்டும் பொருள்கள் இரண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்காமையே பிரத்தியேக வகுப்புப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பயனின்றி முடிவதற்குக் காரணமாகும். கணிதத்தைப் பொருளாகவும், கண்டி நகரையும் அதன் அயலையும் களமாகவுங் கொண்டு இவ்வேறுபாட்டினை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான களமே. 1872இல் திரித்துவக் கல்லூரியும், 1887இல் தர்மராஜக் கல்லூரியும், 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியும் இந்நகரிலே தோன்றின. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அயலிலுள்ள பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. கல்விச் செல்வத்தில் நாட்டின் மிகச் சில நகரங்களே கண்டிக்கு ஈடாகக் கூறத்தக்கவை. ஆயின் அந்நகரைச் சூழ்ந்த மலைகளிலே, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் முதலாக, எண்ணிறந்த தோட்டங்கள் உள. அத்தோட்டங்களின் பிள்ளைகள் நெடுங்காலம் ஓராசிரியர் பள்ளிகளிலே சில வகுப்புக்களோடு கல்வியை முடித்துக்கொண்டனர். ஆகவே, நாட்டின் சிறந்த கல்வியும் நலிந்த கல்வியும் சில மைல் தூரத்தில் அருகருகே நிற்குங் காட்சியை இங்குக் காணலாம். பிற்பகல் ஒன்றரை மணியளவிற் பாடசாலைகள் முடிந்ததும், சனி ஞாயிறு நாட்களிற் காலை தொட்டு மாலை வரையும், கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, கம்பளை, கலஹா, தெல்தோட்டை முதலிய இடங்களிலிருந்து வரும் பேருந்துகளிற் புத்தகப்பையுடன் இறங்கும் மாணவர் கூட்டம் இவ்விரு உலகங்களையும் ஒரு மண்டபத்திற் கொண்டுவந்து சேர்க்கின்றது.

இவ்வகுப்புக்களைப் பற்றிக் கல்வியாளரிடையே இருவேறு கொள்கைகள் நிலவுகின்றன. ஒரு சாரார், இவை கல்வியை விலைப்பொருளாக்கின என்றும், 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நிலைபெற்ற இலவசக் கல்வியின் பயனை இவை அழித்தன என்றுங் கூறுவர். பாடசாலை வாயிலில் நீக்கப்பட்ட கட்டணம் பிற்பகலில் மறுவாயிலால் நுழைந்துவிட்டது என்பது அவர்தம் வாதம். மற்றொரு சாரார், பாடசாலை கற்பிக்கத் தவறியதை இவை கற்பிக்கின்றன என்றும், இவையின்றேல் எத்தனையோ மாணவர் சித்தியடையார் என்றுங் கூறுவர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இரு சாராரும் வீட்டுத் திண்ணையில் ஒரு பிள்ளையின் கொப்பியைத் திருத்தும் ஆசிரியரையும், மண்டபத்திலே ஐந்நூறு பேருக்கு மாதிரி வினாத்தாளை விளக்கும் ஆசிரியரையும் ஒரே நிறுத்தலளவையால் நிறுக்கின்றனர். பிழை அங்கே தொடங்குகின்றது.

ஒருவரை ஒருவர் அருகிருத்திக் கணிதங் கற்பித்தல் தமிழருக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மாணவர் யாவரும் ஒரே பாடத்தை ஒரே நாளிற் படித்தாரல்லர். அரிவரி எழுதுவோன் ஒருபுறமும், பொன்னிலக்கம் மனனஞ் செய்வோன் ஒருபுறமும், நெல்லிலக்கமுங் குழிமாற்றும் பயில்வோர் பிறிதொருபுறமுமாக, ஒவ்வொருவரும் தத்தம் படியிலே நின்றனர். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு; காணி எண்பதில் ஒரு பங்கு; மா இருபதில் ஒரு பங்கு. இவ்வாறு பின்னங்களுக்கெல்லாந் தனித்தனிப் பெயரிட்டு, அவற்றை நிலத்தோடும் நெல்லோடும் பொன்னோடும் இணைத்துக் கற்பித்த மரபு அது. எண்சுவடியும், காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரமும் அம்மரபின் சான்றுகளாக நிற்பன. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்குஞ் சட்டாம்பிள்ளை முறையும் அங்கு வழங்கியது. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய அன்ட்ரூ பெல் என்பார், சிறுவர் மணலில் எழுதி ஒருவர்க்கொருவர் கற்பிக்குங் காட்சியிலிருந்தே தமது முறையை வகுத்து, 1797இல் அதனை இலண்டனில் வெளியிட்டார். அது மேனாட்டிலே 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்றது.

இம்மரபினைப் புகழுமிடத்து அதன் குறையையும் மறைத்தலாகாது. திண்ணைப் பள்ளியின் கணிதம் பெரிதும் மனனத்தையே நம்பியது. கட்டணமாக நெல்லுங் காசுங் கொடுக்க இயன்றோரும், சாதியால் விலக்கப்படாதோருமே அங்குப் பயின்றனர். ஆயினும், பிள்ளை தன் படியைக் கடக்கும்வரை அடுத்த படிக்குச் செல்லாமை என்னும் ஒரு நெறி அங்கிருந்தது. வயதளவால் மாணவரைப் பிரித்து, யாவரையும் ஒருங்கே முன்னேற்றும் இக்காலப் பாடசாலை அந்நெறியைக் கைவிட்டது. பெருந்தொகையினருக்குக் கல்வியளிக்க வேண்டிய அரசுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. கைவிடப்பட்ட அந்நெறி விட்டுச்சென்ற வெற்றிடத்திலேதான் பிரத்தியேக ஆசிரியர் வந்து அமர்ந்தார்.

அவ்வெற்றிடம் ஏனைய பாடங்களிலும் பார்க்கக் கணிதத்திலேயே மிகுதியாகப் புலப்படும். வரலாற்றிலே ஓர் அரசவமிசத்தை அறியாத மாணவன் அடுத்த வமிசத்தைக் கற்றல் கூடும். கணிதத்திலோ பின்னத்தை அறியாதவன் விகிதத்தை அறியான். விகிதத்தை அறியாதவன் திரிகோணகணிதத்தின் வாயிலிலே நின்றுவிடுவான். நான்காந் தரத்தில் நேர்ந்த ஒரு சிறு விடுபாடு ஒன்பதாந் தரத்திற் பெருங்கிடங்காகத் தோன்றும்.

இதனை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். 1/2 உடன் 1/3ஐக் கூட்டும்படி கேட்டால், 2/5 என விடையெழுதும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உளர். மேலே உள்ளவற்றைக் கூட்டி மேலேயும், கீழே உள்ளவற்றைக் கூட்டிக் கீழேயும் எழுதுவதால் வரும் விடை அது. விடை தவறு என்று சிவப்பு மையாற் கீறிவிடுதல் எளிது. ஆயின் தவறு ஒன்றாயினும் அதன் காரணம் ஒன்றன்று. ஒரு பிள்ளை, பின்னம் என்பது ஓர் எண் என்றே உணராது, கோட்டின் மேலும் கீழும் நிற்கும் இரு எண்களாக அதனைக் கருதியிருக்கலாம். மற்றொரு பிள்ளை, பெருக்கலுக்குரிய விதியைக் கூட்டலுக்கும் ஏற்றியிருக்கலாம். முதலாவது பிள்ளைக்கு வேண்டியது ஓர் அப்பத்தையோ ஒரு கயிற்றையோ பங்கிட்டுக் காட்டுதல். இரண்டாவது பிள்ளைக்கு வேண்டியது இரு விதிகளின் வேறுபாட்டை நினைவூட்டல். "அரையோடு மேலும் ஒரு பங்கைச் சேர்த்த பின், அரையிலுங் குறைந்த விடை எவ்வாறு வரும்?" என அருகிருந்து ஒருவர் கேட்பாராயின், இருவருமே தத்தம் பிழையைத் தாமே காண்பர். இவ்வினாவைக் கேட்பதற்கு ஆசிரியர் பேரறிஞராதல் வேண்டுவதில்லை. பிள்ளையின் கொப்பியைப் பார்த்தவராதல் வேண்டும்.

தனிக்கவனத்தின் இவ்வாற்றலை ஆய்வாளரும் எடுத்துக்காட்டியுள்ளனர். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரையில், தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவன், வழமையான வகுப்பிற் பயின்ற நூற்றுவருள் ஏறத்தாழத் தொண்ணூற்றெண்மரிலும் மேம்பட்டு நின்றான் எனக் கூறினார். பின்வந்த ஆய்வுகள் பயனை அவ்வளவு பெரிதாகக் காணவில்லை. எனினும் பயனுண்டு என்பதை மறுக்கவுமில்லை. ஆனால் இவ்வாய்வுகள் பேசுவது ஒருவருக்கு ஒருவரோ, சிலருக்கு ஒருவரோ கற்பிக்கும் முறையைப் பற்றியாகும். ஒலிபெருக்கி மண்டபம் இவ்வாய்வுகளைத் தனக்குச் சான்றாகக் காட்ட உரிமையற்றது. தனி வகுப்பு ஈட்டிய நற்பெயரைக் கூட்ட வகுப்பு கடனாகப் பெற்று வாழ்கின்றது எனல் மிகையாகாது.

இதனாற் கூட்ட வகுப்புப் பயனற்றது என்று கூறிவிடலாகாது. நடுநிலையான திறனாய்வு அதன் நலன்களையும் எடுத்துரைத்தல் வேண்டும். அவ்வகுப்புக்களிற் புகழ்பெற்ற ஆசிரியர் பலர் சொல்வன்மை மிக்கவர். பாடத்திட்டம் முழுவதையும் உரிய காலத்தில் முடித்துக் கொடுக்கின்றனர். 'ரியூட்' என மாணவர் வழங்கும் அச்சுத்தாள்களிற் கேத்திரகணிதத் தேற்றங்களும் அட்சரகணிதப் பயிற்சிகளும் ஒழுங்குபடத் தொகுக்கப்பட்டுள்ளன. கட்டணம் பலரிடையே பங்கிடப்படுவதால், வீட்டிற்கு ஆசிரியரை அழைக்க வசதியற்ற குடும்பமும் இதனைப் பெறலாம். தமிழ்மொழி மூலங் கணிதம் கற்பிக்கத் தகுந்த ஆசிரியரில்லாத மலைப்புறப் பாடசாலையிலிருந்து வரும் மாணவிக்கு, அவள் கேட்கும் முதலாவது முழுமையான கணித விளக்கம் அம்மண்டபத்திலேயே கிடைத்தலுங் கூடும். இல்லாத ஆசிரியரிலும் எட்டவிருந்து பேசும் ஆசிரியர் மேல் என்பதில் ஐயமில்லை.

ஆயின் அம்மண்டபம் எதனைச் செய்ய இயலாது என்பதும் தெளிவு. அது கொப்பியைப் பார்ப்பதில்லை. 2/5 என எழுதிய இரு பிள்ளைகளையும் அது வேறு பிரித்தறிவதில்லை. ஆதலின் அது இருவருக்கும் பொதுவானதொரு மருந்தை, அதாவது சூத்திரத்தை, வழங்குகின்றது. இவ்வகை வினா வந்தால் இவ்வாறு செய்க என்னும் வாய்பாடு பிறக்கின்றது. கடந்த ஆண்டுகளின் வினாக்கள் வகைபிரிக்கப்படுகின்றன. எதிர்வரும் வினாக்கள் ஊகிக்கப்படுகின்றன. முக்கோணியொன்றின் முனைகளுக்கு இட்ட எழுத்துக்களை மாற்றிவிட்டால், முதல்நாள் ஒப்புவித்த நிறுவலை மறுநாள் எழுத இயலாது திகைக்கும் மாணவன் இம்முறையின் விளைபொருளாவான். நிறுவல் என்பது ஏன் என்னும் வினாவுக்கு விடை. அதனை விடையாகக் கொள்ளாது பாட்டாக மனனஞ் செய்தவனுக்கு, எழுத்து மாறியதும் பாட்டும் மறந்துபோகின்றது. திண்ணைப் பள்ளியின் குறையாகிய மனனம் இங்கு மீண்டும் வந்தது. அதன் சிறப்பாகிய தனிக்கவனமோ வரவில்லை.

இந்நிலைக்குக் காரணம் ஆசிரியரின் பொருளாசையே எனச் சிலர் கூறுவர். அஃது ஒரு பகுதியே. இதற்கு ஒப்பானதொரு நிலை, பொருளுங் கல்வியும் நிறைந்த பிறிதோரிடத்திலும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணிதப் பரீட்சையில் மாணவர் முதலாமவர், இரண்டாமவர் என வரிசையாக அறிவிக்கப்பட்டனர். அவ்வரிசையில் முன்னிடம் பெற்றவர்க்குப் பதவியும் புகழுங் கிட்டின. விளைவு யாதெனில், மாணவர் பல்கலைக்கழக விரிவுரைகளைப் புறக்கணித்துத் தனியாசிரியரிடம் பணங்கொடுத்துப் பயின்றனர். வில்லியம் ஹொப்கின்ஸ், எட்வேட் ரௌத் ஆகியோர் அவருட் புகழ்பெற்றவர். இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் முதலிடம் பெற்றோர் ரௌத்தின் மாணவரே. கணிதத்தை வேகப் பந்தயமாக்கிய இம்முறையை ஹார்டி முதலானோர் வன்மையாகக் கண்டித்தனர். 1909ஆம் ஆண்டின் பரீட்சையோடு அவ்வரிசைமுறை கைவிடப்பட்டது. கல்லூரிகளும் தத்தம் மாணவரைச் சிறு குழுக்களாக நேரிற் கவனிக்கும் முறையை வளர்த்துக்கொண்டன. தனியாசிரியர் ஆட்சி மறைந்தது. அவரை எவருந் தடைசெய்யவில்லை, அவர் வேண்டப்படாதவராயினர்.

அத்தனியாசிரியர் மரபிலிருந்து ஒரு நூல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஜோர்ஜ் சூபிரிட்ஜ் கார் என்பார் மாணவரைப் பரீட்சைக்குப் பயிற்றியவர். ஆயிரக்கணக்கான கணித முடிபுகளை, நிறுவல்களைப் பெரிதும் விடுத்து, அவர் தொகுத்து வெளியிட்ட நூலொன்று 1903 அளவிற் கும்பகோணத்து மாணவர் ஒருவரின் கைக்கு எட்டியது. அம்மாணவரே சீனிவாச இராமானுஜன். பரீட்சைக்கெனச் சுருக்கப்பட்ட அதே குறிப்புக்கள், விடுபட்ட நிறுவல்களைத் தாமே தேட முற்பட்ட ஒருவரிடத்திற் பெருங் கணிதமாக மலர்ந்தன. அவரே கல்லூரிப் பரீட்சையிற் பிற பாடங்களிற் சித்தியெய்தாது தவித்தார் என்பதும், வாழ்க்கைக்காக மாணவர்க்குத் தனியாகக் கற்பித்தார் என்பதும் வரலாறு. இதனாற் பெறப்படுவது யாது? அச்சுத்தாளிலே குற்றமில்லை; சுருக்கத்திலுங் குற்றமில்லை. அதனை வாங்கும் மாணவனிடம் தேடுதற்குரிய ஓய்வையும் உரிமையையும் விட்டுவைக்கின்றோமா என்பதே வினா.

இலங்கையில் அவ்வோய்வை விட்டுவைக்காதது வரிசைப்படுத்தும் பரீட்சையே. அவ்வரிசை பத்து வயதிலேயே தொடங்குகின்றது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை, வறிய திறமைசாலிக்கு உதவித்தொகையும் நல்ல பாடசாலையில் இடமும் அளிக்கும் நன்னோக்குடையது. ஆயின் நகரத்துப் புகழ்பெற்ற பாடசாலைகளில் நுழைதற்குரிய வாயிலாகவும் அது அமைந்தமையால், வறியவர்க்கென நட்ட மரத்தின் கனியை ஏணி வாங்க வல்லோரே முதலிற் பறிப்பாராயினர். ஆரம்ப வகுப்புப் பிள்ளை ஒன்று, கடையிற் சாமான் வாங்கி மீதிப் பணத்தை எண்ணியும், நூலால் மேசையை அளந்தும், தோட்டத்துப் பாத்தியிற் கன்றுகளை நிரைப்படுத்தியும் எண்ணறிவு பெறவேண்டிய பருவத்தில், நிமிடத்துக்கு இத்தனை வினாவென விடையளிக்கப் பழக்கப்படுகின்றது. ஆரம்பக் கணிதத்திற் பிரத்தியேக வகுப்பு விளைக்குந் தீங்கு இடைநிலையிலும் பெரிது. இடைநிலை மாணவன் சூத்திரத்தின் பொருளைப் பின்னர் உணர்தல் கூடும். எண் என்றால் அச்சம் என்று பத்து வயதிற் கற்றவன் அதனை மறப்பது அரிது.

வரிசையின் மறுமுனை பல்கலைக்கழக அனுமதியாகும். 2001 முதல் 'இசட்' புள்ளி எனப்படும் நியமப் புள்ளியால் மாணவர் நிரைப்படுத்தப்படுகின்றனர். கலைத்துறை ஒழிந்த பெரும்பாலான துறைகளில், இடங்களில் நூற்றுக்கு 40 தீவு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 மாவட்டங்களின் குடித்தொகை அடிப்படையிலும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்பட்டு வந்துள்ளன. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களாகக் கொள்ளப்பட்டுள்ளன. கண்டி அவ்வாறு கொள்ளப்படவில்லை. கண்டி மாவட்டம் என்னும் ஓர் அலகினுள்ளே ஏரிக்கரையின் பெருங் கல்லூரிகளும் உள. தெல்தோட்டை, ஹேவாஹெட்டை மலைகளின் தமிழ்ப் பாடசாலைகளும் உள. மாவட்டச் சராசரி இவ்விரண்டையும் ஒன்றாக்கி ஓர் எண்ணால் மறைத்துவிடுகின்றது. ஆகவே கணிதத்துறையிற் புக விரும்புந் தோட்டத்து மாணவன், தன்னைப் போன்ற பிறிதொரு தோட்டத்து மாணவனோடன்றி, நகரத்தின் மிகச் சிறந்த வசதிகளைப் பெற்றவனோடு ஒரே மாவட்ட நிரையிற் போட்டியிடுகின்றான். அவனுக்குப் பிரத்தியேக வகுப்பு ஆடம்பரமன்று. அன்றியும் அவன் பெறும் வகுப்பு, பிரத்தியேகமுமன்று. வசதியுள்ளவன் மண்டபத்துக்குஞ் சென்று, வீட்டில் உண்மையான தனியாசிரியரையும் வைத்துக்கொள்கின்றான். வசதியற்றவனுக்கு மண்டபத்தின் கடைவாங்கு மட்டுமே எஞ்சுகின்றது. அங்கு வந்துசேரும் பேருந்துச் செலவும், இருட்டுமுன் மலையேற வேண்டிய அவசரமும் அவன் கணக்கில் வேறாக ஏறுகின்றன.

கணிதம் இம்மக்களுக்கு வெறும் பரீட்சைப் பாடமன்று என்பது ஈண்டு நோக்கற்பாலது. தோட்ட வாழ்க்கையின் ஒவ்வொரு நாளும் எண்ணாலேயே அளக்கப்பட்டது. தொழிலாளியின் கடனைக் குறித்து, அவரைத் தோட்டந்தோட்டமாகக் கைமாற்ற உதவிய 'துண்டு' முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நிலவியது. தம் பெயரில் எழுதப்பட்ட கடன் எவ்வளவு, எவ்வாறு பெருகிற்று என்று கணித்தறிய இயலாதோரே அதிற் பெரிதும் அகப்பட்டுக் கிடந்தனர். நாளொன்றுக்கு விதிக்கப்பட்ட அளவு கொழுந்து பறித்தார்க்குப் 'பேர்' போடுதலும், குறைந்தார்க்கு 'அரைப்பேர்' போடுதலும் பின்னரும் நீடித்த வழக்கு. நிறுவைத் தராசின் முன், சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் நிறை எத்துணை என்பது ஒரு குடும்பத்தின் உணவை நிர்ணயிக்கும் வினா. கணக்கு அறிந்தவர் 'கணக்கப்பிள்ளை'யாக மேலே நின்றார். அறியாதவர் கூடையோடு கீழே நின்றார். அரை என்னும் பின்னத்தை இத்துணைக் கூர்மையாக வாழ்க்கையில் அறிந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள், பாடசாலையிற் பின்னத்தைக் கண்டு அஞ்சுகின்றனர் என்றால், குறை பிள்ளைகளிடத்தன்று. அவர்கள் வாழ்வில் உள்ள கணிதத்தையும் கரும்பலகையில் உள்ள கணிதத்தையும் இணைத்துக் காட்ட எவரும் அருகிருக்கவில்லை என்பதே உண்மை. தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் பெருமளவில் அரசின் பொறுப்பில் வரலாயின என்பதையும், இலவசக் கல்வியின் பயன் இம்மக்களை ஒரு தலைமுறை தாழ்த்தே அடைந்தது என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

இனி, தீர்வு யாது என்னும் வினா எழும். தடைசெய்தல் என்பது முதலில் தோன்றும் விடை. தென்கொரிய அரசு 1980இல் தனியார் வகுப்புக்களைத் தடைசெய்தது. அவை மறைவிடங்களிற் கூடிய கட்டணத்தோடு தொடர்ந்தன. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தடையைச் செல்லாதென்றது. சீன அரசும் 2021இற் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. வசதியுள்ள குடும்பங்கள் வீட்டாசிரியர் எனும் மறைவழியை நாடின. வரிசை நிற்க நிழலை மட்டும் அகற்றல் இயலாது. யுனெஸ்கோ நிறுவனத்துக்காக 1999இல் எழுதிய நூலில் மார்க் பிறே என்பார் இவ்வகுப்புக்களை 'நிழற் கல்வி' எனப் பெயரிட்டமை பொருத்தமானதே. பொருளின் வடிவம் எதுவோ, நிழலின் வடிவமும் அதுவாகும்.

ஆதலின் மாற்றம் பொருளிலேயே தொடங்குதல் வேண்டும். பாடசாலை தான் கைவிட்ட தனிக்கவனத்தைச் சிறிதளவாயினும் மீட்டுக்கொள்ளுதல் முதற் கடமை. மூன்றாந் தரத்திலிருந்து ஆறாந் தரம் வரை, ஒவ்வொரு பிள்ளையும் எப்படியில் நிற்கின்றது என்பதைக் கொப்பியிலிருந்து அறிந்து, ஒத்த பிழையுடையோரைச் சிறு குழுவாக்கி வாரத்திற் சில பாடவேளைகள் கற்பித்தல் பெருஞ் செலவில்லாத முறையாகும். இதற்கு ஆசிரியர்க்கு நேரம் வேண்டும். நேரத்திற்கு ஊதியம் வேண்டும். ஊதியங் குறைந்த ஆசிரியர் மாலையில் வகுப்பு நடத்துவதைக் குற்றங்கூறுவார், அவர் காலையிற் செய்யும் பணியின் மதிப்பை உயர்த்துவதற்கும் குரல் கொடுத்தல் வேண்டும். ஆயினும் ஒன்றை மன்னித்தலாகாது. காலையிற் கூற வேண்டியதை மாலைக்கென ஒதுக்கி, தம் வகுப்பு மாணவரையே கட்டண மாணவராக்கும் ஆசிரியர், தொழிலின் அறத்தை விற்பவராவார். அத்தகையோர் சிலரே எனினும், அவரால் வரும் அவநம்பிக்கை எல்லா ஆசிரியரையுஞ் சாரும்.

சமூகத்தின் பங்கும் உண்டு. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838 - 1898) தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளை நிறுவியும், பெண்கல்வியை வற்புறுத்தியும் உழைத்தார். அரசு செய்யும்வரை காத்திராது சமூகம் முன்வரலாம் என்பதற்கு இந்நகரமே தந்த முன்மாதிரி அது. பேராதனையிற் கணிதமும் பொறியியலும் பயிலுந் தமிழ் மாணவர் பலர் இன்றும் வீடுகளிற் கற்பித்துப் பொருளீட்டுகின்றனர். அவர்களுட் சிலர் வாரத்தில் ஒரு மாலையை ஒரு தோட்டத்துப் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ அளிப்பாராயின், அங்கு விரிவுரை நிகழ்த்தாது ஐந்தாறு பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்ப்பாராயின், ஒலிபெருக்கி செய்யாததை அவர் செய்வார். ஓய்வுபெற்ற ஆசிரியரும் இதிற் பெரிதும் உதவலாம். இவற்றாற் பரீட்சை வரிசை மறைந்துவிடாது. நல்ல பாடசாலைகள் சிலவாக இருக்கும்வரை வரிசையும் இருக்கும். அவற்றைப் பலவாக்குவது அரசின் நெடுங்காலப் பணி. ஆயினும் வரிசை நிலவும் காலத்திலேயே ஒரு பிள்ளையின் கணித அச்சம் நீங்குதல் கூடும். அதற்கு ஓர் ஆண்டுகூட வேண்டுவதில்லை.

முடிவாக, பிரத்தியேக வகுப்பை மதிப்பிடுதற்குப் பெற்றோர் வழக்கமாகக் கையாளும் அளவுகோல், அவ்வகுப்பில் எத்தனை பேர் விசேட சித்தி பெற்றனர் என்பதாகும். பெருந்தொகையினர் பயிலும் வகுப்பிற் சித்தியடைந்தோர் தொகையும் பெரிதாதல் இயல்பு. எத்தனை பேர் சித்தியடையவில்லை என்பதை எந்த விளம்பரமுங் கூறுவதில்லை. எத்தனையில் எத்தனை என்று கேட்பதே கணித அறிவின் முதற்படி. அவ்வறிவை விற்குமிடத்திலேயே அவ்வினா கேட்கப்படாதிருத்தல் வியப்பிற்குரியது. அதனிலுஞ் சிறந்த அளவுகோல் ஒன்று உண்டு. பிள்ளை வீடு திரும்பியதும், இன்று உன் கொப்பியை யாராவது பார்த்தார்களா என்று கேட்பதே அது. ஆம் என்னும் விடை வருமாயின், அது பாடசாலையாயினும், வீட்டுத் திண்ணையாயினும், லயத்தின் வாசலாயினும், அங்கே பிரத்தியேக வகுப்பு நிகழ்ந்திருக்கின்றது. இல்லை என்னும் விடை வருமாயின், எத்துணைக் கட்டணஞ் செலுத்தியிருப்பினும் அது நிகழவில்லை.